செவிலியர் கண்காணிப்பாளரின் சினமும் நோயாளியின் பாதுகாப்பும்

வார்டில் உங்களுக்கு மருந்து தருபவரும் ஊசி போடுபவரும் செவிலியர். அவர்களுக்குப் பணிநேரம் வகுத்து, அவர்களின் பணியை மேற்பார்வையிடுபவர் செவிலியர் கண்காணிப்பாளர். ஆள் பற்றாக்குறை, நெரிசல், உறவினர்களின் பதற்றம் ஆகியவற்றுக்கு நடுவே அவருக்குச் சினம் எழுவது இயல்பே. அதை அவர் எவ்வாறு கையாளுகிறார் என்பது உங்களுக்குக் கிடைக்கும் சிகிச்சையின் தரத்தைப் பாதிக்கிறது.

சினம் சிகிச்சையைப் பாதிப்பது எவ்வாறு?

• தவறு மறைக்கப்படுதல்: மருந்தின் அளவு மாறிவிட்டதை உடனே சொன்னால் பெரும்பாலும் சரிசெய்ய இயலும். திட்டு விழும் என்ற அச்சம் இருந்தால் அது வெளியே வராது.
• ஐயம் கேட்கத் தயங்குதல்: மருத்துவரின் கையெழுத்து புரியாதபோது இளம் செவிலியர் மூத்தவரிடம் கேட்காமல் ஊகித்துவிடக்கூடும்.
• கவனம் சிதறுதல்: பலர் முன்னிலையில் கடிந்துகொள்ளப்பட்டவரின் மனம் கையிலுள்ள வேலையில் நிலைக்காது.

ஆய்வுகள் கூறுவன

அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1996ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இரண்டு மருத்துவமனைகளின் 8 பிரிவுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை உள்ள பிரிவுகளிலேயே மருந்துப் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்குள்ளவர்கள் பிழைகளை அச்சமின்றி வெளியே சொன்னதே இதற்குக் காரணம் என அவர் விளக்கினார்.

இஸ்ரேலில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 குழுக்களிடம் பாவனைப் பயிற்சி முறையில் நடத்தப்பட்ட ஆய்வு 2015ஆம் ஆண்டு வெளிவந்தது. வெளியிலிருந்து வந்த வல்லுநரின் இழிவான சொற்களைக் கேட்ட குழுக்கள், நோயறிதலிலும் சிகிச்சையிலும் பின்தங்கின. குழந்தையின் தாயாக நடித்தவர் கடிந்து பேசியபோதும் செயல்திறன் குறைந்ததை 2017ஆம் ஆண்டு வெளியான தொடர் ஆய்வு காட்டியது.

அடக்குவது வேறு, கையாளுவது வேறு

சினத்தை விழுங்கிவிடுவது தீர்வாகாது. அது பிறகு பேசாமலிருத்தலாகவோ, பணிநேரம் ஒதுக்குவதில் பாரபட்சமாகவோ வெளிப்படும். சினத்தைக் கையாளத் தெரிந்தவர் முதலில் நோயாளியின் நிலையைக் கவனிப்பார். மனம் தணிந்தபின் உரியவரைத் தனியே அழைப்பார். ஆளைப் பழிக்காமல் செயலைப் பற்றிப் பேசுவார். ஒரே தோற்றமுள்ள இரு மருந்துக் குப்பிகள் அருகருகே இருந்தனவா என்பது போன்ற காரணத்தையும் ஆராய்வார். அலட்சியத்தை அவர் கண்டும் காணாமல் விடுவதில்லை.

நீங்கள் செய்யக்கூடியவை

• மருந்து தரப்படும்போது அதன் பெயரையும் அது எதற்கு என்பதையும் கேளுங்கள். ஒவ்வாமை இருப்பின் முன்கூட்டியே தெரிவியுங்கள்.
• மருந்து அளக்கும் செவிலியரிடம் பேச்சுக் கொடுப்பதைத் தவிருங்கள்.
• உங்கள் மனக்குறையை உரத்த குரலில் அன்றி, நடந்ததை நடந்தவாறே கூறுங்கள். உங்கள் சினமும் செவிலியரின் கவனத்தைக் குலைக்கும்.
• தரக்குறைவான நடத்தை தொடர்ந்தால், நாள், நேரம் குறித்து மருத்துவமனை நிர்வாகத்திடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணையும் அழைக்கலாம்.

முக்கியக் குறிப்பு

மூச்சுத்திணறல், மயக்கம், மருந்து ஏற்றியவுடன் தடிப்பு அல்லது நடுக்கம் ஆகியன தோன்றினால், வார்டில் எவர் எந்த மனநிலையில் இருந்தாலும் தயங்காதீர்கள். உடனே செவிலியரை அழையுங்கள்.