வற்றாப்பளை: உப்பு நீரில் விளக்கெரியும் ஊர்

வற்றாப்பளை என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது கண்ணகி அம்மன் கோயிலும் வைகாசிப் பொங்கலும்தான். 2009 இற்குப் பின் வளர்ந்த பிள்ளைகளுக்கும் புலம்பெயர் நாடுகளில் பிறந்தவர்களுக்கும் நந்திக்கடல் என்ற பெயரே கூடப் பழக்கம். அதுவும் போர் முடிந்த இடமாக மட்டும். நான் ஊடகக் கற்கை படித்த காலத்தில் வன்னியைப் பற்றிக் கையில் கிடைத்த எழுத்துகளில் பெரும்பாலானவை அந்த ஆண்டில் தொடங்கி அந்த ஆண்டிலேயே முடிந்தன. அதற்கு முன்னரும் நந்திக்கடற்கரையில் ஓர் ஊர் இருந்தது. இன்றும் இருக்கிறது. அந்த ஊரைப் பற்றி அறிந்திருக்க வேண்டிய விடயங்களை ஓரிடத்தில் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமைவிடம்

வற்றாப்பளை முல்லைத்தீவு மாவட்டத்தின் கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலர் பிரிவில், நந்திக்கடல் நீரேரியின் மேற்குக் கரையை அண்டி அமைந்துள்ளது. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவு செல்லும் ஏ-34 வீதியில் முள்ளியவளைக்கு வந்து, அங்கிருந்து பிரியும் வீதியில் சென்றால் ஊரை அடையலாம். அதே வீதி கேப்பாப்பிலவு ஊடாகப் புதுக்குடியிருப்புப் பக்கம் நீள்கிறது. நீரேரியின் மறுகரையில் வட்டுவாகலும் முள்ளிவாய்க்காலும் உள்ளன. வயல், தென்னை, பனை, கால்நடை, நந்திக்கடல் மீனும் இறாலும் என்பதே இந்தப் பக்கத்து மக்களின் வாழ்வாதாரம்.

பெயரும் ஐதீகமும்

மதுரையை எரித்த பின் கண்ணகி ஈழத்துக்கு வந்து பல இடங்களில் தங்கினாள் என்பதும், அவ்வாறு தங்கிய பத்தாவது இடம் இது என்பதும் ஊர் நம்பிக்கை. ‘பத்தாம் பளை’ என்பதே காலப்போக்கில் வற்றாப்பளை ஆயிற்று என்பார்கள்.

கோயில் தோன்றிய கதை இடையர் சிறுவர்களோடு தொடர்புடையது. நந்திக்கடற்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்கள், வேப்பமரத்தடியில் ஒரு மூதாட்டியைக் கண்டனர். பசிக்கிறது என்றவளுக்குப் பொங்கிக் கொடுத்தனர். பொழுது பட்டது. விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல் நீரை எடுத்து விளக்கேற்றும்படி மூதாட்டி கூற, அவ்வாறே செய்தனர். விளக்கு எரிந்தது. பின்னர் அவள் தலையில் பேன் பார்க்கச் சொன்னபோது, தலை முழுவதும் கண்கள் தெரிந்தன. சிறுவர்கள் திகைத்து நிற்க, வைகாசித் திங்களில் மீண்டும் வருவேன் என்று கூறி மறைந்தாள். அந்த இடத்திலேயே கோயில் எழுந்தது என்பது ஐதீகம்.

போர்த்துக்கேயர் காலத்தைப் பற்றியும் ஒரு கதை உண்டு. குதிரையில் வந்த அதிகாரி ஒருவன் அம்மனின் சக்தியை எள்ளி நகையாட, கோயிலடியில் நின்ற பன்னிச்சை மரம் தானாகக் குலுங்கிக் காய்களால் அவனை அடித்து விரட்டியதாம். இக்கதை சிந்துப் பாட்டாகவும் பாடப்பட்டிருக்கிறது. ஆயுதம் எதுவும் இல்லாத ஊர், தன் மரத்தைக் கொண்டு அந்நிய அதிகாரத்துக்குப் பதில் சொன்ன கதை இது. வன்னியில் அது தலைமுறை தாண்டி நிலைத்ததில் வியப்பில்லை.

பொங்கலின் ஒழுங்கு

வைகாசிப் பூரணையை அண்டி வரும் திங்கட்கிழமை பொங்கல் நடைபெறும். ஆனால் அது ஒருநாள் நிகழ்வு அல்ல. ‘பாக்குத் தெண்டல்’ என்ற சடங்குடன் ஆயத்தங்கள் தொடங்கும். பொங்கலுக்கு முந்திய திங்கட்கிழமை சிலாவத்தைக் கடற்கரையில் தீர்த்தம் எடுப்பார்கள். அந்தக் கடல் நீர் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவரப்படும். அங்கே அந்த உப்பு நீரை ஊற்றி விளக்கு எரிக்கப்படும். ஞாயிற்றுக்கிழமை காட்டா விநாயகருக்குப் பொங்கல். அது முடிந்த பின் மடைப்பண்டங்களும் தீர்த்தமும் வற்றாப்பளைக்கு எடுத்துச் செல்லப்படும். திங்கட்கிழமை வளந்து ஏற்றிப் பொங்கல்.

பாற்செம்பு, கற்பூரச்சட்டி, செடில் காவடி, தூக்குக் காவடி, அங்கப்பிரதட்சணை என்று நேர்த்திக்கடன்கள் இரவு பகலாகத் தொடரும். வன்னி முழுவதிலுமிருந்தும், யாழ்ப்பாணம், திருகோணமலை முதலிய இடங்களிலிருந்தும் மக்கள் வருவார்கள். வழி நெடுகிலும் தண்ணீர்ப் பந்தல்கள் இருக்கும்.

இந்தச் சடங்கின் பாதையைக் கவனித்தால் ஒன்று புரியும். கடற்றொழில் செய்யும் கரை, வயல் விதைக்கும் முள்ளியவளை, நீரேரியை நம்பிய வற்றாப்பளை ஆகிய மூன்றையும் ஒரு குடம் உப்பு நீர் இணைக்கிறது. ஒவ்வோர் ஊருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஓர் ஊர் இடம்பெயர்ந்தால் மற்ற ஊர்களின் சடங்கும் குறைபடும்.

எண்ணெய் இல்லாத விளக்கு என்பது நம் தலைமுறைக்குக் கதையாக மட்டும் படவில்லை. 1990களில் பொருளாதாரத் தடையின்போது வன்னிக்கு மண்ணெண்ணெய் வருவதே அரிது. குப்பி விளக்கின் திரியைக் குறைத்து வைத்துப் படித்தவர்களுக்கு, எண்ணெய் இல்லாத வீட்டில் விளக்கு எரிய வேண்டும் என்ற ஆசை எப்படிப்பட்டது என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

கண்ணகி வழிபாட்டில் வன்னியின் இடம்

பத்தினிக் கடவுளுக்கு விழா எடுத்தவர்களுள் இலங்கை மன்னன் கயவாகுவையும் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. சிங்கள மக்களிடையே இதே தெய்வம் பத்தினித் தெய்யோவாக வணங்கப்படுகிறது. மட்டக்களப்புப் பகுதியில் கண்ணகி வழக்குரை படிக்கப்பட்டு, வைகாசியில் திருக்குளிர்த்தி நடைபெறுகிறது.

யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் முன்னெடுத்த ஆகமச் சைவ மரபு, கண்ணகி வழிபாட்டைச் சைவத்துக்குப் புறம்பானதாகக் கருதியது. அதன் தாக்கத்தால் அங்கே பல கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி போன்ற பெயர்களைப் பெற்றன. வன்னியும் கிழக்கும் பழைய பெயரைக் கைவிடவில்லை. வற்றாப்பளையில் அம்மன் இன்றும் கண்ணகி அம்மன்தான்.

இந்த வழிபாட்டோடு வளர்ந்ததே கோவலன் கூத்து. முல்லைத்தீவு மாவட்டத்துக்கே உரிய ஆட்ட, பாட்ட முறையை ‘முல்லைமோடி’ என்பர். அண்ணாவிமார் வாய்வழியாகவும் கையெழுத்துக் கொப்பிகளிலும் காத்து வந்த கலை இது. திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்த குடும்பங்கள் இத்தகைய கொப்பிகளையும் ஆடை அணிகளையும் எந்த அளவுக்குக் காவிச் செல்ல முடிந்திருக்கும் என்பதை வாசகர்களே அறிவர்.

நந்திக்கடல்

ஒட்டுசுட்டான் பக்கம் முத்தையன்கட்டுக் குளத்தை நிரப்பும் பேராறு, கடைசியில் வந்து சேர்வது நந்திக்கடலில். வட்டுவாகல் அருகே ஒடுங்கிய வாயினால் நீரேரி பெருங்கடலுடன் தொடுக்கப்பட்டுள்ளது. மாரி வெள்ளத்தில் நீர் இனிக்கும், கோடையில் உவர்க்கும். அந்த மாற்றமே இறாலுக்கும் மீன் குஞ்சுகளுக்கும் வாழ்வு. கண்டல் மரங்களும் கடற்புற்களும் உள்ள ஆழங்குறைந்த நீர் என்பதால் கொக்கு, நாரை, கடற்காகம் எனப் பறவைகளும் கூடும். சிறுதொழிலாளர்கள் வீச்சு வலையோடு இறங்கி அன்றாடச் செலவுக்கு உழைக்கும் இடம் அது.

போரும் பின்னரும்

2008 இன் இறுதியில் இராணுவம் முள்ளியவளைப் பகுதியைக் கைப்பற்றியது. 2009 ஜனவரி 25 அன்று முல்லைத்தீவு நகரம் வீழ்ந்தது. அதற்குள் இப்பகுதி மக்கள் புதுக்குடியிருப்பு நோக்கியும் பின்னர் மாத்தளன், முள்ளிவாய்க்கால் நோக்கியும் நகர்ந்திருந்தனர். மே மாதத்தில் வட்டுவாகல் பாலத்தாலும் நந்திக்கடல் நீருக்குள் இறங்கியும் எஞ்சியோர் வெளியேறினர். அவர்களில் பலர் அடுத்துச் சென்ற இடம் செட்டிக்குளம் மெனிக் பாம்.

மீள்குடியேற்றம் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி வரவில்லை. அயல் கிராமமான கேப்பாப்பிலவு மக்கள் 2012 செப்டெம்பரில், மெனிக் பாம் மூடப்பட்டபோது வெளியேற்றப்பட்ட கடைசிக் குடும்பங்களுள் அடங்குவர். அவர்கள் சொந்தக் காணிக்குப் போக விடப்படாமல் வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டனர். 2017 இன் தொடக்கத்தில் பிலக்குடியிருப்பு மக்கள், பெண்களும் குழந்தைகளுமாக விமானப்படை முகாம் முன் ஒரு மாதம் இரவு பகலாக அமர்ந்திருந்து தங்கள் காணிகளை மீட்டனர். அதே மார்ச்சில் கேப்பாப்பிலவு மக்களும் இராணுவ முகாம் வாசலில் அமர்ந்தனர். அவர்களின் காணிப் பிரச்சினை அந்த வெற்றியோடு முடிந்துவிடவில்லை.

2017 இலேயே நந்திக்கடல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. கண்டலும் பறவையும் காக்கப்படுவதை இந்த ஊர்களில் யாரும் எதிர்க்கப்போவதில்லை. ஆனால் தொழிலுக்கு இறங்கும் துறை எது, மாடு மேயும் தரவை எது, எல்லைக்கல் யாருடைய வேலிக்குள் விழுகிறது என்பவை கரையில் வாழ்பவர்களிடம் கேட்டுத் தீர்மானிக்கப்பட வேண்டியவை. முகாமுக்குக் காணி கொடுத்த மக்களுக்கு வர்த்தமானி அறிவித்தல் மீது அச்சம் வருவது இயல்பு.

எழுதி வைக்க வேண்டியவை

மே 18 இல் முள்ளிவாய்க்காலில் சுடரேற்றும் மக்களே, அதை அண்டிய வாரங்களில் வற்றாப்பளையில் பொங்குகிறார்கள். இழந்தவரை நினைப்பதும் இருப்பவருக்காக நேர்வதும் அவர்களுக்கு இரண்டு வேறு காரியங்கள் அல்ல. ஊரின் வரலாற்றையும் அப்படியே சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

காணி உறுதி தொலைந்தவர்களுக்குக்கூட வாய்க்கால், துறை, தரவை, ஒழுங்கை ஆகியவற்றின் பெயர்கள் நினைவிருக்கின்றன. அவற்றைச் சொல்லக்கூடிய மூத்தோர் குறைந்து வருகிறார்கள். போருக்கு முந்திய பொங்கல் படம், கூத்துக் கொப்பி, பாடசாலை மலர், கோயில் துண்டுப்பிரசுரம் என எது உங்கள் வீட்டில் இருந்தாலும், அது கனடாவில் ஒரு பெட்டிக்குள் கிடந்தாலும், ஒரு பிரதி எடுத்து ஊர் நூலகத்துக்கோ பாடசாலைக்கோ அனுப்புங்கள். வீட்டில் உள்ள முதியவரிடம் ஊரின் எல்லைகளைக் கேட்டு, கைத்தொலைபேசியிலாவது பதிந்து வையுங்கள். நாளை ஒரு பிள்ளை வற்றாப்பளை எங்கே என்று கேட்டால், போர் முடிந்த இடத்துக்குப் பக்கத்தில் என்பது மட்டும் பதிலாக இருக்கக்கூடாது.