இடைமுக வரைதல்: வன்பொருள் முடுக்கமும் மென்பொருள் வழியும்

கணினித் திரையில் தெரியும் மெனு, பொத்தான், எழுத்து, ஐகான், விண்டோ ஆகியவற்றை யார் வரைவது என்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. சிபியுவே ஒவ்வொரு பிக்ஸலின் நிறத்தையும் கணக்கிட்டு நினைவகத்தில் எழுதினால் அது மென்பொருள் வழி வரைதல். அந்த வேலையையோ அதில் ஒரு பகுதியையோ கிராஃபிக்ஸ் சிப்பிடம் (ஜிபியு) ஒப்படைத்தால் அது வன்பொருள் முடுக்கம். இன்று புழக்கத்தில் இருக்கும் மேசைக் கணினிகளும் கைபேசிகளும் பெரும்பாலும் இரண்டையும் கலந்தே பயன்படுத்துகின்றன. ஒரே சொல்லின் எழுத்து வடிவத்தைச் சிபியு வரைகிறது. அதைத் திரையில் உரிய இடத்தில் ஒட்டுவது ஜிபியு. ஐம்பதாண்டு வரலாற்றைப் புரட்டினால், ஜிபியு எளிதில் வென்ற களம் ஒன்றுதான்: வரைந்து முடித்தவற்றை அடுக்கிக் காட்டுவது. வரைவதில் அதன் வெற்றி இழுபறியானது. சில இடங்களில் இன்னும் தீரவில்லை.

சிக்கலின் அளவை எண்களே சொல்லும். 1984-இல் வந்த முதல் மேகின்டாஷின் திரை 512×342 பிக்ஸல், கறுப்பு வெள்ளை. ஒரு பிக்ஸலுக்கு ஒரு பிட் என்பதால் முழுத் திரைக்கும் 21,888 பைட் போதும். இன்றைய 4கே திரையில் 3840×2160 பிக்ஸல்கள். பிக்ஸலுக்கு 4 பைட் வைத்தால் ஏறத்தாழ 3.3 கோடி பைட், அதாவது அந்த மேகின்டாஷைப் போல் 1,500 மடங்கு. நொடிக்கு 60 முறை திரையைப் புதிதாக எழுதினால் கிட்டத்தட்ட 200 கோடி பைட் நகர வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் விண்டோக்களை நிழலோடும் ஒளிபுகும் தன்மையோடும் கலப்பதென்றால், படிப்பதும் எழுதுவதுமாக இது இன்னும் பெருகும். 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு ஃபிரேமுக்குத் தரும் அவகாசம் 16.7 மில்லிநொடி, 120 ஹெர்ட்ஸ் என்றால் 8.3.

பிக்ஸல்களைக் கட்டம் கட்டமாக நகர்த்துவதே இடைமுகத்தின் அடிப்படை வேலை என்பதை முதலில் உணர்ந்தவர்கள் கலிபோர்னியாவில் இருந்த ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தினர். அங்கே உருவான ஆல்டோ கணினிக்காக டான் இங்கால்ஸ் 1975-இல் எழுதிய பிட்பிளிட் என்ற கட்டளை, நினைவகத்தின் ஒரு செவ்வகத்தை எடுத்து இன்னொரு செவ்வகத்தோடு கலந்து வைக்கும். மெனு விரிவது, உரை மேலே உருள்வது, எழுத்து பதிவது எல்லாமே இந்த ஒரே செயலின் வேடங்கள். ஆல்டோவில் அது மைக்ரோகோடாக, அதாவது செயலியின் உள்கட்டளைகளாக, இயங்கியது. எனவே அதை வன்பொருள் என்பதா மென்பொருள் என்பதா என்ற சிக்கல் பிறப்பிலேயே ஒட்டிக்கொண்டது.

மேகின்டாஷில் அந்த உதவிகூட இல்லை. 7.8 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடிய மோட்டோரோலா 68000 சிப்பே எல்லாவற்றையும் வரைந்தது. அதைச் சாத்தியமாக்கியது பில் அட்கின்சன் எழுதிய குவிக்டிரா என்ற நிரல். ஒரு விண்டோவில் எந்தப் பகுதி கண்ணுக்குத் தெரிகிறது, எது இன்னொன்றுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது என்று துல்லியமாகக் கணக்கு வைத்து, தெரியும் பகுதியை மட்டும் அது வரைந்தது. வேகத்தின் ரகசியம் வரையாமல் இருப்பது என்ற அந்தப் பாடம் இன்றுவரை செல்லும். அடுத்த ஆண்டே வந்த அமிகா எதிர்த்திசையில் போய், பிளிட்டர் என்ற தனி வன்பொருளையே உள்ளே வைத்தது.

பி.சி. உலகில் வன்பொருள் முடுக்கம் பரவலானது விண்டோஸ் 3 காலத்தில். 1991-இல் எஸ்3 நிறுவனம் வெளியிட்ட 86சி911 சிப், போர்ஷே 911 காரின் நினைவாகப் பெயரிடப்பட்டது. செவ்வகத்தை நிரப்புவது, கோடு போடுவது, திரையின் ஒரு பகுதியை நகலெடுப்பது என்று விண்டோஸ் அடிக்கடி கேட்கும் சில வேலைகளை அது ஏற்றுக்கொண்டது. அப்போது இத்தகைய அட்டைகளுக்கு விண்டோஸ் ஆக்சிலரேட்டர் என்றே பெயர். அந்தத் தலைமுறையின் ஒரு மிச்சம் இன்றும் கண்ணில் படும். மவுஸ் அம்புக்குறியைத் தனி அடுக்காக வன்பொருளே வைத்துக்கொள்வதால், ஆப் உறைந்து நிற்கும்போதும் அம்பு மட்டும் சாவகாசமாக உலவும்.

பெரிய திருப்பம் ஆப்பிளில் நடந்தது. 2001-இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸில் ஒவ்வொரு விண்டோவும் திரைக்கு நேராக எழுதாமல் நினைவகத்தில் தனக்கென ஒரு படத்தை வைத்துக்கொண்டது. அந்தப் படங்களை நிழலோடு கலந்து திரைக்கு அனுப்பும் வேலை சிபியுவின் தலையில் விழுந்தது. அழகாக இருந்த இடைமுகம் மெதுவாகவும் இருந்தது. 2002 ஆகஸ்ட்டில் வந்த ஜாகுவார் பதிப்பின் குவார்ட்ஸ் எக்ஸ்ட்ரீம், ஒவ்வொரு விண்டோவையும் ஓப்பன்ஜிஎல் டெக்ஸ்சராக, அதாவது ஜிபியு நேரடியாகக் கையாளும் படமாக, மாற்றி, கலக்கும் வேலையை ஜிபியுவிடம் தள்ளியது. ஏஜிபி 2எக்ஸ் இணைப்பும் 16 எம்.பி. வீடியோ நினைவகமும் இருந்தால் போதும். ஆப்களைத் திருத்தி எழுத வேண்டியிருக்கவில்லை.

அடுத்த படி தர்க்கப்படி எளிது: விண்டோவுக்குள் இருக்கும் கோடுகளையும் எழுத்துகளையும்கூட ஜிபியுவே வரையட்டும். 2005-இல் டைகர் பதிப்போடு குவார்ட்ஸ் 2டி எக்ஸ்ட்ரீம் என்ற பெயரில் அது வந்தது, ஆனால் முடக்கப்பட்ட நிலையில். 2007-இன் லெப்பர்டில் குவார்ட்ஸ்ஜிஎல் என்று பெயர் மாறியது; அப்போதும் அது தானாக இயங்கவில்லை. அடுக்கும் வேலை உடனே ஜிபியுவுக்குப் போனதும், வரையும் வேலை போகாமல் நின்றதும் தற்செயல் இல்லை.

காரணம் ஜிபியுவின் இயல்பில் இருக்கிறது. லட்சக்கணக்கான பிக்ஸல்களுக்கு ஒரே கணக்கை ஒரே நேரத்தில் போடுவதில் அதற்கு நிகர் கிடையாது. விண்டோக்களைக் கலப்பது அப்படிப்பட்ட வேலைதான். ஆனால் அது அறிந்த வடிவம் முக்கோணம். வளைவுகளால் ஆன எழுத்தையோ ஐகானையோ முதலில் முக்கோணங்களாக உடைக்க வேண்டும், அல்லது சுற்றுவழியில் கணக்கிட வேண்டும். விளிம்பின் மென்மையும் சிக்கல்தான். ஃப்ரீடைப் போன்ற மென்பொருள், ஒரு பிக்ஸலின் எத்தனை பங்கை எழுத்து மறைக்கிறது என்று கணக்கிட்டு 256 படிகளில் சாம்பல் நிறம் தருகிறது. ஜிபியுவின் வழக்கமான முறையோ பிக்ஸலுக்குள் 4 அல்லது 8 இடங்களை மட்டும் தொட்டுப் பார்க்கும். சிறிய எழுத்தில் வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்துவிடும். வளைவுகளை நேரடியாக ஜிபியுவில் வரையும் முறையை சார்லஸ் லூப்பும் ஜிம் பிளின்னும் 2005-இல் வெளியிட்டார்கள். அதன் பிறகும் எழுத்தைச் சிபியுவில் வரைந்து டெக்ஸ்சரில் சேமித்து வைக்கும் பழக்கம் பரவலாக நீடிக்கிறது.

எந்த எழுத்து எங்கே என்று முடிவு செய்வதும் சிபியுவின் வேலை. தமிழில் ‘கொ’ என்று தட்டினால் கணினி சேமிப்பது ககரத்தையும் ஒகரக் குறியையும்தான். திரையில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போக வேண்டும். இந்த இடமாற்றத்தை ஹார்ஃப்பஸ் போன்ற நிரல் சிபியுவில் செய்து முடித்த பிறகே ஜிபியுவுக்கு வேலை வரும். டெக்ஸ்சர் இடத்தைப் பொறுத்தவரை தமிழ் சிக்கனமான எழுத்து. ஆயிரக்கணக்கில் வடிவங்கள் கொண்ட சீனம்தான் அந்தச் சேமிப்பை நிரப்பித் திணறடிக்கும்.

மைக்ரோசாஃப்டின் அனுபவம் கசப்பானது. விண்டோஸ் விஸ்டாவின் ஏரோ இடைமுகம் எல்லா விண்டோக்களையும் ஜிபியுவில் அடுக்கியது. இன்டெலின் 915 சிப்செட்டால் அதை இயக்க முடியாது. ஆனாலும் அந்த சிப்செட் கொண்ட கணினிகள் 2006-இல் ‘விஸ்டாவுக்கு ஏற்றது’ என்ற ஒட்டியோடு விற்கப்பட்டன. வழக்கு வந்தது. விசாரணையில் வெளியான அஞ்சல்களில் ஒன்றில், 2,100 டாலர் கொடுத்து வாங்கிய தன் மடிக்கணினி மின்னஞ்சல் பார்க்க மட்டுமே உதவுகிறது என்று நிறுவனத்தின் துணைத்தலைவர் ஒருவரே நொந்திருந்தார். இன்னொரு வேடிக்கை, விஸ்டாவில் விண்டோஸின் பழைய வரைதல் முறையான ஜிடிஐ அதுவரை பெற்றிருந்த வன்பொருள் முடுக்கத்தை இழந்தது. ஒவ்வொரு ஜிடிஐ விண்டோவுக்கும் கணினி நினைவகத்தில் ஒரு நகல், வீடியோ நினைவகத்தில் ஒரு நகல் என இரட்டிப்புச் செலவும் வந்தது. 2009-இன் விண்டோஸ் 7 இரண்டையும் பெருமளவு சரிசெய்தது.

கைபேசியில் இந்த இழுபறியை வெளிப்படையாகக் காட்டியது ஆண்ட்ராய்டு. அதன் தொடக்கப் பதிப்புகளில் விண்டோக்களை அடுக்குவது வன்பொருள், உள்ளே வரைவது ஸ்கியா என்ற மென்பொருள். ஐபோனின் வழுக்கும் உருட்டலோடு ஒப்பிட்டுப் பயனர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். ஜிபியு வரையாததுதான் காரணம் என்று பலரும் தீர்ப்புச் சொன்னார்கள். 2011-இல் 3.0 பதிப்பு ஜிபியு வழி வரைதலைக் கொண்டுவந்தது, 4.0-ஐக் குறிவைத்த ஆப்களுக்கு அதுவே இயல்பானது. ஆனால் அந்த ஆண்டு டிசம்பரில் ஆண்ட்ராய்டுப் பொறியாளர் டயான் ஹாக்போர்ன் எழுதிய விளக்கம் உற்சாகத்தைக் குறைத்தது. நெக்சஸ் எஸ், கேலக்ஸி நெக்சஸ் போன்ற கருவிகளில் ஒரு ஆப் ஓப்பன்ஜிஎல்லைத் தொடங்கினாலே சுமார் 8 எம்.பி. நினைவகம் போய்விடுகிறது என்றார் அவர். ஒரு ஆப்பின் அடிப்படைச் செலவே அப்போது ஏறத்தாழ 2 எம்.பி.தான். ஓரமாக ஒரு சிறு பட்டையை வரைய இத்தனை செலவு செய்வது, ஒரு டம்ளர் காபிக்குக் கல்யாண அடுப்பை மூட்டுவது போன்றது.

சில கட்டளைகள் ஜிபியு வழியில் அப்போது இயங்கவும் இல்லை. வளைவான பாதையால் படத்தை வெட்டும் வசதி 4.3 பதிப்பில்தான் சேர்ந்தது. உருட்டல் உண்மையில் சீரானது வேறு திருத்தங்களால்: 2012-இன் 4.1 பதிப்பு வரைதலைத் திரையின் துடிப்போடு இணைத்தது, மூன்று பஃபர்களை (ஃபிரேமை வைக்கும் நினைவகப் பகுதிகளை) வைத்தது, 2014-இன் 5.0 பதிப்பு ஜிபியுவுக்குக் கட்டளை அனுப்பும் வேலையைத் தனி இழைக்கு மாற்றியது. நேரம் தவறாமை வேகத்தைவிடப் பெரிய சிக்கலாக இருந்திருக்கிறது.

அந்த நேரத் தவறல் வேறு உருவிலும் வரும். ஜிபியுவில் ஓடும் ஷேடர் நிரலை முதல்முறை பயன்படுத்தும் கணத்தில் ஜிபியுவின் டிரைவர் மென்பொருள் அதைத் தொகுக்க வேண்டியிருந்தால், அந்த ஒரு அசைவு மட்டும் திக்கும். கூகுளின் ஃப்ளட்டர் ஆப்களில் இந்தப் புகார் நெடுநாள் இருந்தது. ஷேடர்களை முன்கூட்டியே தொகுத்து வைக்கும் இம்பெல்லர் என்ற புதிய வரைதல் பொறி 2023-இல் ஐபோனில் இயல்பாக்கப்பட்டது இதற்காகத்தான்.

இதற்கிடையே மென்பொருள் வழி சாகவில்லை. புதிய ஆடையில் திரும்பியது. ஜிபியு இருப்பதாகவே பாவித்து எழுதிய நிரலை, ஜிபியு இல்லாத இடத்தில் சிபியுவில் ஓட்டிக்காட்டும் மென்பொருள்கள் வந்தன. விண்டோஸ் 7-இல் வார்ப் வந்தது. விண்டோஸ் 8-இல் அடுக்கும் வேலையை அணைக்கவே முடியாதபடி செய்ய மைக்ரோசாஃப்டுக்குத் துணிச்சல் தந்தது அதுதான். லினக்ஸில் 2011-இன் க்னோம் 3 நல்ல ஜிபியு கேட்டது, இல்லாதவர்களுக்குப் பழைய பாணி மாற்று ஒன்றைத் தந்தது. அடுத்த ஆண்டு ஃபெடோரா 17, எல்எல்விஎம்பைப் என்ற மென்பொருளின் துணையோடு அதே க்னோம் ஷெல்லை ஜிபியு இல்லாத கணினியிலும் ஓட்டியது. ஃபயர்ஃபாக்ஸின் கதை இன்னும் சுவையானது. இணையப் பக்கம் முழுவதையும் விளையாட்டுப் பொறி போல ஜிபியுவில் வரையும் வெப்ரெண்டர் 2019-இல் ஒரு பகுதிப் பயனர்களுக்கு வந்தது. டிரைவர் கோளாறுள்ள கணினிகளுக்காகப் பழைய வரைதல் வழியையும் பராமரிக்க மொசில்லா விரும்பவில்லை. ஜிபியு ஷேடர்களையே சி++ ஆக மொழிபெயர்த்துச் சிபியுவில் ஓட்டும் மென்பொருள் வடிவத்தைச் செய்து பழைய வழியைக் கைவிட்டது.

மென்பொருள் வழியே பொருந்தும் இடங்களும் உண்டு. டெர்மினல் ஆப்களில் 2017-இல் அறிமுகமான அலக்ரிட்டி ஓப்பன்ஜிஎல்லில் வரைகிறது. ஃபூட் என்ற இன்னொன்றோ சிபியுவிலேயே, மாறிய எழுத்துக் கட்டங்களை மட்டும் வரைந்து, வேகத்துக்குப் பெயர் வாங்கியிருக்கிறது. குவிக்டிராவின் பழைய பாடம்தான். மைக்ரோகண்ட்ரோலர் வைத்த கருவிகளின் சிறு திரைகளிலும் இதே நிலை. அங்கே பயன்படும் எல்விஜிஎல் நூலகம் முழுத் திரைக்கும் இடம் ஒதுக்காமல், பத்தில் ஒரு பங்கு பஃபரில் பகுதி பகுதியாக வரைந்து அனுப்பும். எஸ்டிஎம்32 சிப்கள் சிலவற்றில் குரோம்-ஆர்ட் என்ற துணை வன்பொருள் உண்டு. அது செய்வது செவ்வகம் நிரப்புதல், நகலெடுத்தல், கலத்தல்.

இன்றைய கணினியில் எதைத் தேர்வது என்ற கேள்வி சாதாரணப் பயனருக்குப் பெரும்பாலும் எழுவதில்லை. பிரவுசர்கள் கோளாறுள்ள டிரைவர்களின் தடைப்பட்டியலை வைத்துக்கொண்டு தாங்களே முடிவெடுக்கின்றன. விண்டோ கறுத்துப் போனாலோ எழுத்து சிதறினாலோ, அமைப்புகளில் கிராஃபிக்ஸ் முடுக்கத்தை அணைத்துப் பார்ப்பது கோளாறு டிரைவரிலா என்று கண்டறிய நல்ல சோதனை. கோளாறு தெரிந்ததும் டிரைவரைப் புதுப்பித்து முடுக்கத்தை மீண்டும் இயக்கிவிட வேண்டும். அணைத்தே வைத்திருந்தால் பிரவுசரில் வீடியோவைப் பிரிக்கும் வேலையும் சேர்ந்து சிபியுவுக்கு வரும். மடிக்கணினியின் பேட்டரி வேகமாகக் கரையும்.