உள்ளிருந்து திறக்கும் கதவு

வாயில் அமைப்பது விருந்தினர் வருவதற்கு. கதவு அமைப்பது கள்வர் வராதிருப்பதற்கு. இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுதல் எளிதன்று. கணினிகளைப் பிணைக்கும் வலையமைப்பின் வரலாறும் இவ்விரு தேவைகளுக்கிடையே நிகழ்ந்த இழுபறியின் வரலாறே எனலாம். தன் மேசைமீதுள்ள கணினியிற் கிடக்கும் கோப்பினையோ, தான் இயற்றிக்கொண்டிருக்கும் இணையத்தளத்தினையோ, கடல் கடந்த நண்பனுக்கு ஒரு முகவரியைக் கொடுத்து இன்று ஒருவன் காட்டிவிடுகின்றான். இது புதிதாகப் பிறந்த வசதியன்று. ஒருகாலத்தில் இருந்து, பின்னர் இழக்கப்பட்டு, மீண்டும் பெறப்பட்ட வசதியாகும்.

1969-ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29-ஆம் நாள், லொஸ் ஏஞ்சல்சிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்துக்கு ‘ஆர்ப்பாநெற்’ வழியாக முதற் செய்தி சென்றது. இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள கணினி செயலிழந்தது. தொடக்கம் அத்துணை எளியது. 1971-இல், கான்பூரிற் பயின்று மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் ஆராய்ச்சி செய்த அபய் பூஷண், ஒரு கணினியிலுள்ள கோப்பினை வேறொரு கணினிக்கு அனுப்பும் விதிமுறையை வகுத்தார். அக்காலத்தில் வலையமைப்பில் இருந்தோர் சிலர். பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர். ஆதலின் கதவுக்கு வலிய தாழ் தேவைப்படவில்லை.

சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள ‘சேர்ன்’ ஆய்வுக்கூடத்தில் ரிம் பேர்ணர்ஸ்-லீ உலகளாவிய வலையை அமைத்தபோது, அவர் பயன்படுத்திய மேசைக் கணினியே உலகின் முதல் இணைய வழங்கியாயிற்று. அதனை எவரேனும் அறியாது நிறுத்திவிடக்கூடும் என அஞ்சி, “இது வழங்கி, நிறுத்தவேண்டா” என்னும் பொருள்பட அதன்மீது சீட்டொன்று ஒட்டப்பட்டிருந்தது. வாசிப்பவனும் வழங்குபவனும் ஒரே மேசையில் இருந்த காலம் அது.

ஆயினும், இரு மதில்கள் எழுந்தன. முதலாவது அச்சத்தால் எழுந்தது. 1988 நவம்பரில் றொபேட் மொறிஸ் என்னும் மாணவர் விடுத்த ‘புழு’ நிரல், தானே பெருகி ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அறியாதார் வரவைத் தடுக்கும் காவல்கள் பல நிறுவனங்களிலும் பெருகலாயின.

இரண்டாவது மதில் பற்றாக்குறையால் எழுந்தது. அன்றைய முகவரி முறையில் அமையக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடி மட்டுமே. அவை போதா என்பதை உணர்ந்த அறிஞர், ஒரே பொதுமுகவரிக்குப் பின்னாற் பல கணினிகளை இருத்தும் முறையினை 1994-இல் வெளியிட்டனர். ஒரே படலைக்குள் பல குடும்பங்கள் வாழ்வதை இதற்கு ஒப்பிடலாம். உள்ளிருப்போர் வெளியே சென்றுவரலாம். வெளியிலிருந்து வருபவனுக்கோ எவர் வீட்டுக்குச் செல்வதென்பது தெரியாது. 2011 பெப்ரவரியில் உலகப் பொதுக் களஞ்சியத்திலிருந்த இறுதி முகவரித் தொகுதிகளும் பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன. இவற்றின் விளைவாக, வீட்டுக் கணினி வைத்திருந்தோரிற் பெரும்பாலோர் பிறர் தருவதைப் பெறக்கூடியவராயினர். தாம் நேரே தரக்கூடியவராகவில்லை.

இம்மதில்களைக் கடக்கும் வழி பின்லாந்திலிருந்து வந்தது. 1995-இல் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பிற் கடவுச்சொற்கள் களவாடப்பட்டன. அதனாற் கவலையுற்ற ஆராய்ச்சியாளர் தாத்து யுலோனென், இரு கணினிகளுக்கிடையே மறைகுறியாக்கிய தொடர்பினை ஏற்படுத்தும் ‘எஸ்.எஸ்.எச்.’ என்னும் கருவியை ஆக்கி, இலவசமாக வெளியிட்டார். களவைத் தடுக்கப் பிறந்த இக்கருவியே சுரங்கவழிக்கும் உதவிற்று. உள்ளேயுள்ள கணினி தானாகவே வெளியிலுள்ள ஒரு கணினியை அழைத்து, அத்தொடர்பினை அறுபடாது வைத்திருக்கும். விருந்தினர் அவ்வெளிக் கணினிக்கு வருவர். அது அவர்தம் வேண்டுகோளைத் திறந்திருக்கும் அத்தொடர்பின் வழியே உள்ளே அனுப்பும். மதில் இடிபடவில்லை, கதவு உள்ளிருந்து திறக்கப்பட்டது.

இதனைக் கையாளத் தொழில் தேர்ச்சி வேண்டியிருந்தது. 2013-ஆம் ஆண்டளவில் அலன் ஷிறீவ் என்பார் ஆக்கிய ‘என்குரொக்’, ஒரு வரிக் கட்டளையால் இதனைச் செய்ய வழிவகுத்தது. ‘கிளவுட்பிளேயர்’ நிறுவனமும் தன் சுரங்கவழிச் சேவையை 2021-இல் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்த விட்டது.

எனினும் ஓர் உண்மையை மறத்தலாகாது. மறைகுறியாக்கம் வழியைக் காக்குமேயன்றி வாயிலைக் காவாது. முகவரியை அறிந்தவன் எவனும் உள்ளே வரலாம். கடவுச்சொல் வைத்தாலன்றி அவனைத் தடுப்பார் இல்லை. மேலும், இத்தகைய சேவைகள் பலவற்றில் மறைகுறியாக்கம் இடைநிற்கும் நிறுவனத்தின் கணினியில் அவிழ்க்கப்பட்டு, மீண்டும் இடப்படுகின்றது. ஆங்கே அந்நிறுவனத்தை நம்பவேண்டியிருக்கின்றது. வஞ்சகரும் இவ்வழியே போலித்தளங்களைக் காட்டி மக்களை ஏமாற்றியுள்ளனர். காட்டவேண்டியதை மட்டும் காட்டி, வேலை முடிந்ததும் இணைப்பை மூடுதலே அறிவுடைமை.

முகவரிப் பற்றாக்குறையைப் புதிய முகவரி முறை காலப்போக்கில் நீக்கலாம். அச்சம் எழுப்பிய மதிலோ நிற்கவே செய்யும். முன்னாளில் அயலார்மீதிருந்த நம்பிக்கையே கதவைத் திறந்துவைத்தது. இன்று வீட்டுக்குரியவனின் விழிப்பே அதனைத் திறக்கவும் மூடவும் வேண்டும். தாழ் உள்ளே இருக்கின்றது. அதன்மீதுள்ள கையும் அவனுடையதாகவே இருத்தல் வேண்டும்.