மதுரை வீரன்: ஒரு வீரன், மூன்று வேடங்கள்

மக்கள் நெஞ்சில் நிலைத்துவிட்ட வீரன் ஒரே வடிவில் நின்றுவிடுவதில்லை. தலைமுறை மாறுந்தோறும் புதிய உடலும் புதிய குரலும் பெற்று அவன் மீண்டும் பிறக்கிறான். மேலைநாட்டார் போற்றும் சூப்பர்மேன் வேடத்தை 1978இல் கிறிஸ்டோபர் ரீவும், 2013இல் ஹென்றி கேவிலும், 2025இல் டேவிட் கோரன்சுவெட்டும் தாங்கினர். பெற்றோரைப் பிரிந்து, எளிய குடியானவர் வளர்த்த குழந்தை உலகைக் காக்கும் வீரனாவதே அக்கதை. பேராக் மாநிலத் தோட்டத் தமிழருக்கு இஃது அயலான கதையன்று. அவர்கள் அதனை மதுரை வீரன் என்னும் பெயரால் நெடுங்காலமாக அறிவர்.

காசி மன்னனுக்குப் பிறந்த குழந்தை, நாட்டுக்கு ஆகாதெனக் காட்டில் விடப்படுகிறது. செருப்புத் தைக்கும் சின்னானும் செல்லியும் அதனை எடுத்து வளர்க்கின்றனர். வளர்ந்த வீரன் பாளையத் தலைவன் மகள் பொம்மியை மணக்கிறான். திருமலை நாயக்கர் காலத்து மதுரையில் கள்வரை அடக்குகிறான். வெள்ளையம்மாளின் அன்பைப் பெறுகிறான். முடிவில் மன்னன் ஆணையால் மாறுகை மாறுகால் வாங்கப்பட்டு மடிகிறான், மடிந்தபின் தெய்வமாகிறான். மீனாட்சியம்மன் கோயிலின் கீழைக் கோபுரத்தருகே அவனுக்குச் சந்நிதி உண்டு.

இவ்வீரனுக்கு நம் மண்ணில் அமைந்த முதல் வேடம் சாமியாடியின் வேடமே. சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் வட்டாரங்களின் இரப்பர்த் தோட்டங்களில் மாரியம்மனுக்கு அருகே காவல் தெய்வமாக அவன் நின்றான். முறுக்கிய மீசை, ஓங்கிய வாள், இருபுறமும் பொம்மியும் வெள்ளையம்மாளும் என்பது அவன் உருவம். திருவிழா நாளில் அவன் இறங்கி ஆடியது, விடியற்காலையில் பால்மரம் சீவும் தொழிலாளியின் உடலில்தான். பெரட்டுக் களத்தில் துரைக்கும் கங்காணிக்கும் முன் குனிந்து நின்றவன், அன்று அருள்வாக்குச் சொன்னான். எல்லாரும் குனிந்து கேட்டனர். இவ்வேடத்தில் நடிகனுக்கும் நாயகனுக்கும் இடைவெளியே இல்லை.

இரண்டாவது வேடம் 1939ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் அமைந்தது. 1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ படத்தின் நாயகியான டி. பி. இராசலட்சுமி அதனை இயக்கினார், வி. ஏ. செல்லப்பா நடித்தார். பின்னணிப் பாடல் முறை வேரூன்றாத அக்காலத்தில், நடிகன் முதற்கண் பாடகனாக இருத்தல் வேண்டும். நாடக மேடையின் மரபு அப்படியே திரைக்கு ஏறியது. வீரத்தின் அளவுகோல் வாள்வீச்சைக் காட்டிலும் குரல்வளமே.

மூன்றாவது வேடம் 1956இல் வந்தது. இலேனா செட்டியார் தயாரிப்பில், டி. யோகானந்த் இயக்கத்தில், கண்ணதாசன் உரையாடலில் எம்.ஜி.ஆர். வீரனானார். பானுமதி பொம்மியாகவும் பத்மினி வெள்ளையம்மாளாகவும் நடிக்க, வளர்ப்புப் பெற்றோராக என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் தோன்றினர். பாடுங் கடமையை டி. எம். சௌந்தரராசன் போன்றோர் குரல் ஏற்றுக்கொண்டதால் நடிகரின் உடல் விடுதலை பெற்றது. வாட்போரும் நிமிர்ந்த நடையும் வீரனின் மொழியாயின. எம்.ஜி.ஆர். இறுதியில் உயிர்துறக்கும் படங்கள் மிகச் சில. அவற்றுள் இஃது ஒன்று. தோட்டங்களில் வெட்டவெளியில் திரைகட்டிப் படம் காட்டிய காலம் அது. கோயிலில் கும்பிட்ட தெய்வமே திரையில் எம்.ஜி.ஆர். முகத்தோடு தோன்றியது.

இம்மூன்றையும் ஒப்பிடுங்கால் ஒரு வினா எழுகின்றது: வீரன் யாருடைய பிள்ளை? அவன் அரச குலத்தில் பிறந்தான் என்னும் பகுதி, தாழ்த்தப்பட்ட குடியில் தோன்றிய வீரனுக்குப் பிற்காலத்தார் சூட்டிய முடியே என்று கருதும் ஆய்வாளரும் உளர். திரைப்படம் அம்முடியைக் கழற்றவில்லை. வளர்த்தோரின் அன்பை உயர்த்திக் காட்டினும், வீரம் அரச குருதியில் ஊறியது என எண்ண இடந்தந்தது. சாமியாடியின் வேடமோ அதற்கு விடை பகர்ந்தது. அங்கே தெய்வம் இறங்கக் குலச்சான்று தேவைப்படவில்லை. உழைத்துக் காய்த்த உடலே போதுமானதாயிற்று. திரைநடிகர் இருவரும் வீரனைக் காட்டினர். தோட்டத் தொழிலாளி வீரனாகவே நின்றான்.

இன்று பல தோட்டங்கள் செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. தோட்டங்களோடு சில கோயில்களும் மறைந்தன, சில இடம்பெயர்ந்தன. ஈப்போ நகரில் வளரும் மாணவன் மதுரை வீரனை அறிவானாயின், பெரும்பாலும் 1956ஆம் ஆண்டுப் படத்தின் வழியாகவே அறிவான். அப்படம் சிறந்தது, எனினும் அது மூன்றில் ஒரு வேடமே. தமிழாசிரியர்கள் இக்கதையைக் கற்பிக்குங்கால் ஏனைய இரண்டையும் உடன்வைத்துக் காட்டுதல் நன்று. மாணவர்களும் தத்தம் பாட்டன் பாட்டியரிடம், தங்கள் தோட்டத்தில் சாமியாடியவர் யார் என்று கேட்டறிதல் வேண்டும். திரைச்சுருள் நடிகரின் பெயரைக் காத்து வைத்திருக்கிறது. அத்தொழிலாளியின் பெயரோ சிலருடைய நினைவில் மட்டுமே உள்ளது. அந்நினைவு மங்குமுன் எழுதி வைப்பது நம் கடன்.