'வேக்ஸ்' என்றால் என்ன? பொருளும் பயன்பாடும்

தடுப்பூசியைக் குறிக்கும் 'வேக்சின்', தடுப்பூசி செலுத்துதலைக் குறிக்கும் 'வேக்சினேஷன்' ஆகிய ஆங்கிலச் சொற்களின் பேச்சுவழக்குச் சுருக்கமே 'வேக்ஸ்'. கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் பரவிய இச்சொல்லை, 2021-ஆம் ஆண்டின் சொல்லாக ஆக்ஸ்போர்டு அகராதி நிறுவனம் தேர்வு செய்தது. 2020 செப்டம்பருடன் ஒப்பிடுகையில் 2021 செப்டம்பரில் இதன் பயன்பாடு 72 மடங்குக்கும் மேல் அதிகரித்திருந்ததாக அந்நிறுவனம் தெரிவித்தது.

தோற்றம்

லத்தீன் மொழியில் பசுவைக் குறிக்கும் 'வாக்கா' என்பதே இதன் வேர்ச்சொல். இங்கிலாந்து மருத்துவர் எட்வர்ட் ஜென்னர், 1796-இல் பசு அம்மைக் கொப்புளத்தின் நீரை 8 வயதுச் சிறுவனுக்குச் செலுத்தி, பெரியம்மையைத் தடுக்க இயலும் எனக் காட்டினார். இந்தியாவில் முதல் பெரியம்மைத் தடுப்பூசி 1802 ஜூன் 14 அன்று மும்பையில் 3 வயதுச் சிறுமி அன்னா டஸ்தாலுக்குச் செலுத்தப்பட்டது.

பயன்பாடு

இச்சொல் பெயராகவும் வினையாகவும் வழங்குகிறது. தடுப்பூசி செலுத்திக் கொண்டவரை 'வேக்ஸ்டு' என்றும், தடுப்பூசியை எதிர்ப்பவரை 'ஆன்ட்டி-வேக்ஸர்' என்றும் குறிப்பிடுகின்றனர். எதிர்ப்பாளர்களைச் சுருக்கப் பெயரால் குறிக்கும் வழக்கம் புதிதன்று; ஜென்னரே 1812-இல் எழுதிய கடிதம் ஒன்றில் அவ்வாறு குறிப்பிட்டுள்ளார்.

கவனிக்க வேண்டியவை

எத்தனை தவணை என்பதை இச்சுருக்கம் தெரிவிப்பதில்லை. கோவிஷீல்டு, கோவாக்சின் ஆகியவற்றுக்கு முதன்மைத் தவணைகள் இரண்டு. ஊசியின்றிச் செலுத்தப்படும் சைகோவ்-டி மருந்துக்கு மூன்று. ஸ்புட்னிக் லைட்டுக்கு ஒன்று. எனவே 'முழுமையாக வேக்ஸ்டு' என்பதன் பொருள், செலுத்திக் கொண்ட மருந்தைப் பொறுத்து மாறும். 2021 அக்டோபர் 21 அன்று இந்தியா எட்டிய 100 கோடி என்ற எண்ணிக்கையும் தவணைகளையே குறித்தது, நபர்களை அன்று.

தமிழில் எழுதும்போது மேலும் இரு சிக்கல்கள் எழுகின்றன. மெழுகைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் தமிழ் எழுத்தில் 'வேக்ஸ்' என்றே அமைவதால் குழப்பம் நேரலாம். 'தடுப்பூசி' என்ற சொல்லோ ஊசியை உள்ளடக்கியது. வாய்வழி வழங்கப்படும் போலியோ சொட்டு மருந்துக்கும், மூக்குவழிச் செலுத்தப்படும் மருந்துக்கும் அது பொருந்தாது. அவ்விடங்களில் 'தடுப்பு மருந்து' என்பதே பொருத்தமான சொல்லாகும்.

நண்பர்களுக்கிடையிலான உரையாடலில் 'வேக்ஸ்' என்ற சுருக்கமே போதுமானது. ஆனால், குழந்தையின் தடுப்பூசி அட்டை, பயணச் சான்றிதழ், மருத்துவரிடம் அளிக்கும் விவரம் ஆகியவற்றில் மருந்தின் பெயர், தவணை எண், செலுத்திய தேதி ஆகிய மூன்றையும் முழுமையாகக் குறிப்பிடுவது அவசியம். அடுத்த தவணை தேவையா, எப்போது தேவை என்பதை இவற்றைக் கொண்டே மருத்துவர் முடிவு செய்கிறார்.