ஒப்பிட மறுத்த ஊர்

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நான் பேசிய முதல் பேச்சு, 'உலகின் மூத்த மொழி எங்கள் தமிழ்' என்று தொடங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். அப்போது எனக்கு எட்டு வயது. நான் பிறந்த கனடாவின் ஆதி மொழிகளில் ஒன்றின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவற்றில் ஒன்றுக்குச் சொந்தமான ஓர் ஊரைப் பற்றி இன்று சொல்கிறேன்.

மனிடோபாவில், வின்னிபெக் ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கிறது பொப்லர் ரிவர். அங்கே வாழ்பவர்களை வெளியார் 'ஓஜிப்வே' என்பார்கள். அவர்கள் தங்களை 'அனிஷினாபே' என்கிறார்கள். வருடம் முழுவதும் போய்வர அந்த ஊருக்கு வீதி இல்லை. விமானத்தில் போகலாம், கோடையில் படகிலும் போகலாம். கடும் குளிரில் ஏரியும் சதுப்பும் உறைந்தபின் அவற்றின் மேல் பனிவீதி போடுவார்கள். எரிபொருளும் கட்டடச் சாமான்களும் அந்தச் சில வாரங்களில் லொறியில் வந்து சேரவேண்டும். குளிர் குறைந்த வருடங்களில் அந்த வாரங்களும் குறைகின்றன.

மூஸ் வேட்டை, மீன்பிடி, பொறி வைத்து மென்மயிர் விலங்குகளைப் பிடிப்பது என்று காட்டோடு வாழ்ந்த மக்கள் இவர்கள். 1875-இல் அரசு இந்தப் பகுதி மக்களோடு ஐந்தாம் ஒப்பந்தத்தைச் செய்தது. பெருநிலம் கைமாறியது, ஆளுக்கு வருடம் 5 டொலர் என்று எழுதினார்கள். இன்றும் அதே 5 டொலர்தான்! பின்னர் இந்த மக்களின் பிள்ளைகளை வதிவிடப் பாடசாலைகளுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தாய்மொழி பேசினால் தண்டனை.

இவ்வளவுக்குப் பிறகும் காட்டை அவர்கள் விடவில்லை. பெரியவர்களிடம் கேட்டு, மூதாதையர் நடந்த பாதைகளையும் வேட்டை இடங்களையும் வரைபடத்தில் குறித்தார்கள். இதற்காக உழைத்த சோஃபியா ராப்லியவுஸ்காஸ் 2007-இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது பெற்றார்.

அயல் ஊர்களோடு சேர்ந்து, தங்கள் நிலத்தை உலக மரபுரிமை இடமாக ஏற்கும்படி யுனெஸ்கோவிடம் கேட்டார்கள். அங்கே ஒரு சிக்கல். இதைப் போன்ற மற்ற இடங்களைவிட இது எப்படிச் சிறந்தது என்று காட்டவேண்டும் என்பது விதி. எங்கள் பண்பாடு இன்னொருவருடையதைவிட உயர்ந்தது என்று சொல்வது மரியாதை இல்லை என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். 2013-இல் முடிவு தள்ளிப்போனது.

அவர்கள் பணியவில்லை. இயற்கையை ஒருபக்கம், பண்பாட்டை மறுபக்கம் வைத்து அளக்கும் முறையே சரியா என்று யுனெஸ்கோ வட்டாரம் யோசிக்கத் தொடங்கியது. 2018-இல் 29,040 சதுர கிலோமீட்டர் காடு, இயற்கைக்கும் பண்பாட்டுக்குமாகச் சேர்த்து மரபுரிமை இடமானது. கனடாவில் இப்படி இரண்டுக்கும் சேர்த்து ஏற்கப்பட்ட முதல் இடம் அதுதான். அதன் பெயர் 'பிமாச்சியோவின் ஆக்கி', அதாவது உயிர் தரும் நிலம்.

தம்பி தங்கைகளே, அடுத்த பேச்சுப் போட்டிக்கு எழுதும்போது 'மூத்த', 'சிறந்த' என்ற இரண்டு சொற்களையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். தமிழைப் பற்றிச் சொல்ல உங்களிடம் மிச்சம் என்ன இருக்கிறது? நான் முயன்றபோது முதலில் ஒரு வரிகூட வரவில்லை. பிறகு அம்மம்மாவிடம் போய்க் கேட்கத் தொடங்கினேன்.