இருக்குமிடம் யாருக்குரியது?

வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. நாள்தோறும் கையாளப்படும் சிறு கருவிகளுக்கும் வரலாறுண்டு என்பதை நாம் பெரிதும் எண்ணிப்பார்ப்பதில்லை. கணனியிற் கட்டளைகளைத் தட்டச்சுச் செய்து பணிபுரிவோர், கோப்புகள் தொகுத்து வைக்கப்பட்டுள்ள ஒரு கோப்பகத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லப் பயன்படுத்தும் 'சீ.டீ.' என்னும் ஈரெழுத்துக் கட்டளை அத்தகையதொன்று. அதன் தோற்றத்தையும், அது எழுப்பிய ஒரு சிக்கலையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோப்பகங்களை ஒன்றினுள் ஒன்றாக அடுக்கி, கிளைவிட்ட மரம்போல அமைக்கும் முறையை, மல்டிக்ஸ் என்னும் கணனி முறைமைக்கென டேலி, நியூமன் ஆகிய இருவரும் 1965இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை விரிவாக முன்வைத்தது. அத்திட்டத்திற் பங்குகொண்டிருந்த அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடம் 1969இல் அதிலிருந்து விலகியது. ஆயினும், அங்கு பணியாற்றிய கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் அவ்வெண்ணத்தைக் கைவிட்டாரல்லர். அதே ஆண்டில் பி.டி.பி.-7 என்னும் சிறு கணனியில் அவர்கள் உருவாக்கத் தொடங்கிய முறைமையே பின்னர் யூனிக்ஸ் எனப் பெயர்பெற்றது.

தொடக்ககால யூனிக்ஸில் ஒரு கோப்பை அதன் முழுப்பாதையால் குறிப்பிடும் வசதி இருக்கவில்லை. பயனர் அவ்வேளையில் எக்கோப்பகத்தில் நிற்கின்றாரோ, அதிலுள்ள பெயர்களையே அவர் சுட்ட முடிந்தது. ஆதலின் இடம்பெயரும் கட்டளை இன்றியமையாததாயிற்று. அன்று அதன் பெயர் 'சீ.எச்.' என்பதாகும்.

இக்கட்டளை முதலில் ஏனையவற்றைப் போன்றதொரு தனிச் செய்நிரலாகவே இருந்தது. ஒரு முனையத்திற்கு ஒரு செயன்முறை மாத்திரமே இருந்தமையால் அதனால் இடரெதுவும் நேரவில்லை. பின்னர், ஒவ்வொரு கட்டளையையும் நிறைவேற்றப் புதியதொரு 'சேய்' செயன்முறையைத் தோற்றுவிக்கும் ஏற்பாடு புகுத்தப்பட்டது. இதற்கு 27 வரிகளே தேவைப்பட்டன. அம்மகிழ்ச்சியினிடையே, இடம்பெயரும் கட்டளை செயலிழந்திருப்பது தெரியவந்தது!

நிகழ்ந்தது யாது? கட்டளைகளை ஏற்கும் 'ஷெல்' என்னும் செய்நிரல் ஒரு சேயைத் தோற்றுவித்தது. சேய் குறித்த கோப்பகத்துக்குப் பிழையின்றிச் சென்றது. சென்றவுடன் தன் பணி முடிந்து மறைந்தது. தாயாகிய ஷெல்லோ நின்ற இடத்திலேயே நின்றது. மகனைச் சந்தைக்கு அனுப்பிய தந்தை, தாமே சந்தையை அடைந்துவிட்டதாக எண்ணியதற்கு இஃது ஒப்பாகும். உண்மை புலப்பட்டதும், இக்கட்டளையை மட்டும் ஷெல்லே தன்னுள் நிறைவேற்றுமாறு மாற்றியமைத்தனர். 1971 நவம்பரில் வெளிவந்த யூனிக்ஸின் முதற் கைந்நூலிலேயே இக்காரணம் குறிப்பிடப்பட்டுள்ளது. 1979இல் றிச்சி எழுதிய வரலாற்றுக் கட்டுரையும் இந்நிகழ்ச்சியை விரித்துரைக்கின்றது.

இத்தீர்வு ஒன்றே இயலுமாயிருந்ததெனக் கருதலாகாது. 1983இல் வெளிவந்த எம்.எஸ்.-டொஸ் 2.0 முறைமையில் ஒரு செய்நிரல் இடம்மாறினால், அது முடிந்த பின்னரும் அம்மாற்றம் நிலைத்தது. அங்கு இடம் முறைமை முழுவதற்கும் பொது. யூனிக்ஸிலோ ஒவ்வொரு செயன்முறைக்கும் உரியது. இதனாலேயே பல செய்நிரல்கள் ஒரே வேளையில், ஒன்றையொன்று குழப்பாது, வெவ்வேறு கோப்பகங்களில் நின்று பணியாற்ற முடிகின்றது.

அண்மையில், இடம்பெயரும் கட்டளையொன்றை ஒரு கோப்பில் எழுதி இயக்கிய யான், பழைய கோப்பகத்திலேயே நிற்கக் கண்டு திகைத்தேன். கணனி பழுதுற்றதென்றே முதலில் எண்ணினேன். அரை நூற்றாண்டுக்கு முன்னர் பெல் ஆய்வுகூடத்தினர் எதிர்கொண்ட அதே புதிரே அஃதெனப் பின்னரே அறிந்தேன். தவறெனத் தோன்றுவது சிலவேளை ஒரு முடிவின் விளைவாயிருத்தல் கூடும். அம்முடிவு எப்போது, ஏன் எடுக்கப்பட்டதென வினவுவதே வரலாறு பயில்வோர் கடனாகும்.